ஆழம் நாலரை அடி

வரைபடத்தைக் கேரம் போர்டின் மேல்தான் விரித்தார்கள்.
பூங்காவில் வேறு மேசை இல்லை.
நீலத்தில் ஒரு செவ்வகம்,
ஓரமெல்லாம் போரிக் பவுடர்.
நடுவில் சிவப்புக்காய் காகிதத்தைத் துருத்திக்கொண்டிருந்தது.
ஆட்டம் பாதியில் நின்றதால் யாரும் அதை எடுக்கவில்லை.

"நீச்சல் குளம்" என்று ஆரம்பித்தார் என்ஜினியர்.
கொருக்குப்பேட்டை கேட்டை அந்த நேரம் பார்த்துப் போட்டார்கள்.
கூட்ஸ் வண்டி கடந்து முடியும்வரை
வாய் திறந்தபடி நின்றார் மனிதர்.
ஐம்பத்தெட்டு வேகன். பையன்கள் எண்ணினார்கள்.

வண்டி போனதும் சம்பூரணம்:
"லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
வூட்டுக்கு ஏழு கொடம்.
இதுக்கு எத்தினி கொடம் சார்?"
அவர் லிட்டரில் சொன்னார்.
அவள் குடத்தில் கேட்டாள்.
யாரோ செல்போனில் வகுத்துப் பார்த்து
எண்ணைச் சொல்லாமல்
பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

பந்து ஆடும் பசங்களுக்கு வேறு கணக்கு.
வடக்கு கோல்போஸ்ட்
சரியாக ஆழமான பக்கத்தில் விழுகிறது.
"அப்ப நாங்க தண்ணிக்குள்ளயா ஆடறது?"
கேட்டவன் எபினேசர், கோல்கீப்பர்.
அந்தக் கம்பங்களை இரும்புக் கடையில்
கடன் சொல்லி வாங்கி வந்தவன்.
பாக்கி முன்னூறு இன்னும் நிற்கிறது.

மகபூப் பாஷா எழுந்தார்:
"மெரினாவுல கீது. அங்கங்க கீது.
நம்ம புள்ளைங்க மட்டும் கால்வாய்ல குதிக்கணுமா?"
கைதட்டல் கிளம்பி
கால்வாய் என்ற சொல்லில் இடறி நின்றது.
எல்லாரும் ஏகவல்லியைப்
பார்க்காமல் பார்த்தோம்.

சீசாவின் தாழ்ந்த முனையில் உட்கார்ந்திருந்தாள்.
வேண்டும் என்பாள் என்று ஒரு கட்சி,
வேண்டாம் என்பாள் என்று இன்னொன்று,
இரண்டும் அவளைத் தன் பக்கம் எழுதி வைத்திருந்தன.
அவள் கேட்டது:
"ஆழம் எவ்ளோ?"
"நாலரை அடிம்மா."
எழுந்தாள். காற்றில் கையைத் தட்டையாக நீட்டி
தன் தோளுக்குக் கீழே வைத்தாள்.
கொஞ்ச நேரம் அங்கே இருந்தது கை.
பிறகு நாலு விரற்கடை இறங்கியது.
எந்த உயரத்தில் நின்றது என்று
தெரியாதவர் அங்கே யாருமில்லை.
உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் கூட்டம் சின்னச் சின்னதாக உடைந்தது.
டிக்கெட் எவ்வளவு. ஜட்டியோடு விடுவார்களா.
வாசலில் நிற்கப்போகிறவன்
எங்கள் பையன்களைக் கண்டதும்
பூட்டுவானா மாட்டானா.
பெண்களுக்கு எந்த நேரம் என்று நான் கேட்டேன்.
"மதியம் ரெண்டுலேருந்து மூணு."
லாரி வருகிற நேரம்.
சிரித்தோம். சம்பூரணம்கூட.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை.
எனக்கு நாற்பத்தோரு வயது.
கடல் நடந்து போகிற தூரம்.
ஆனாலும் இந்தத் தலை நனைந்ததெல்லாம் குவளையால்,
அதுவும் எண்ணி:
மூன்று தலைக்கு, சோப்பு போக இரண்டு.
தண்ணீருக்குள் உடம்பு எடை குறையும் என்கிறார்களே,
எனக்கு எவ்வளவு குறையும்?
இதை எப்படிக் கை தூக்கிச் சொல்வது?

கை தூக்கச் சொன்னார்கள்.
வேண்டும், அறுபத்து மூன்று.
வேண்டாம், எழுபது.
வந்திருந்தவர்கள் மொத்தமே நூற்றுப் பத்து.
என் கை இரண்டிலும் இருந்தது.

அடுத்த மாதம் என்று
வரைபடத்தைச் சுருட்டினார்கள்.
சிவப்புக்காய் அசையவில்லை.

அளந்து போட்ட சுண்ணாம்புக் கோடு
மண்ணில் அப்படியே கிடக்கிறது.
பந்து அதற்குள் உருண்டால்
"தண்ணில பூட்ச்சு" என்று
எபினேசரே விசில் ஊதுகிறான்.
பொடிசுகள் உள்ளே குப்புறப் படுத்து
புழுதியில் கைவீசிப் போகிறார்கள்,
மூச்சுப் பிடித்துக்கொண்டு.

நேற்று லாரி ஹார்ன் கேட்டது.
இரண்டு குடத்தோடு ஓடினேன்.
குறுக்கே போனால் பத்தடி மிச்சம்.
கோடு வரை போய்
சுற்றிக்கொண்டு ஓடினேன்.